தீ தாண்டாத கோடு

ஜனவரி 12

அன்புக் குருவிக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் சுகம்தானே? வாண்டுக்குச் சளி விட்டதா?

போய்ச் சேர்ந்ததும் தகவல் சொல்லவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். இங்கே கைப்பேசிக்கு சிக்னல் கிடையாது. வாரம் ஒருமுறை ஜீப் டவுனுக்குப் போகிறது. கூடவே போய்ப் பேசலாம்தான். ஆனால் டிரைவர் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருக்கும்போது வெயிலையும் மழையையும் தவிர எனக்கு வேறு பேச்சு வருவதில்லை. அதனால் கடிதமே போடுகிறேன். உனக்கும் கையெழுத்து மறக்காமல் இருக்கும்.

ஆய்வு நிலையம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. தகரக் கூரை போட்ட மூன்று அறைகள். ஒன்றில் அடுப்பு, ஒன்றில் நுண்ணோக்கி, ஒன்றில் நான். பின்பக்கக் கதவைத் திறந்தால் மூங்கில், அப்புறமும் மூங்கில். திட்டத் தலைவருக்கு நம் மாப்பிள்ளை வயதுதான் இருக்கும். வாசல்படியில் குனியாமல் நுழைய முடியாத உயரம் என்பதால் சமையல்காரம்மா அவருக்கு நெட்டையர் என்று பெயர் வைத்திருக்கிறாள். அவருக்கும் தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

வேலை எனக்குப் புதிதில்லை. கல்லூரி ஆய்வகத்தில் செய்ததுதான். இலையைக் கழுவிக் காய வைத்து, அமிலத்தில் வேக வைத்து, மிஞ்சுவதை வடிகட்டிப் பார்க்க வேண்டும். ஒரே வித்தியாசம், அங்கே பிள்ளைகள் உடைத்த குடுவைகளைக் கணக்கெடுத்தே பணிக்காலம் போயிற்று. இங்கே குடுவை உடைய வேண்டுமென்றால் நானே உடைத்தால்தான் உண்டு.

உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை என்பது மட்டும் உண்மை. கட்டிலை ஜன்னலோரம் போட்டேன். பிறகு கதவோரம் மாற்றினேன். இப்போது மறுபடி ஜன்னலோரம். புது இடம் என்றால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை அலமாரியின் மேல்தட்டில், இடது பக்கம். அவருக்கே தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டேன். இலை உதிர்ந்து முடிந்ததும் வந்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா

❖

பிப்ரவரி 2

அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. வாண்டு தபால் தலையைக் கிழித்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். அவளுக்குச் சளி விட்டது, இப்போது என்னைப் பிடித்திருக்கிறது.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். அப்பா தினமும் ஏழு மணிக்கு இங்கே சாப்பிட வருகிறார். தீயணைப்பு நிலையத்தில் பணியில் இருந்தபோது மணியடித்ததும் எப்படிப் போய் நிற்பாரோ, அப்படி. வந்ததும் சாப்பாட்டைப் பார்ப்பதில்லை. அடுப்பங்கரைக்குப் போய் கேஸ் குழாயை வளைத்துப் பார்க்கிறார். போன வாரம் எங்கள் வீட்டு மின்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இவருக்கு ஒரு மணிநேரம் பாடம். இவர் பாவம், தலையாட்டிக் கழுத்து சுளுக்கிக்கொண்டார். அப்பா சொன்னதில் தப்பில்லை. ஒயர் உருகித்தான் இருந்தது.

நான் கிளினிக்குக்கும் வீட்டுக்கும் அப்பா வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். பல்லைப் பிடுங்க வந்தவரிடம் நேற்று எந்தப் பல் என்று இரண்டு முறை கேட்டேன். அவர் எழுந்து போயிருப்பார், வாயில் மருந்து போட்டிருந்ததால் உட்கார்ந்திருந்தார்.

பணி ஓய்வு பெற்றதும் வாண்டைப் பார்த்துக்கொள்வாய் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். நீ அந்த ஆய்வு நிலைய வேலை விளம்பரத்தைப் பார்த்ததும் தெரியாது, விண்ணப்பம் போட்டதும் தெரியாது. பெட்டி கட்டிய பிறகுதான் தெரியும். இலை எப்போது உதிர்ந்து முடியும், அம்மா? ஒரு மாதம் சொல். அந்தப் பக்கத்தைக் காலண்டரில் மடித்து வைத்துக்கொள்கிறேன்.

உன்,
குருவி

❖

மார்ச் 5

அன்புக் குருவிக்கு,

இஞ்சித் தண்ணீர் குடி. அதைப் போய் கசப்பு மருந்து மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்காதே.

அப்படி என்னதான் வேலை என்று கேட்டிருக்கிறாய். கேட்கவில்லை, ஆனால் கேட்டதாக வைத்துக்கொள்கிறேன். மூங்கில் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சும்போது சிலிக்காவையும் சேர்த்து உறிஞ்சுகிறது. மணலில் இருக்கிறதே, அதுதான். அது இலைக்குள் போய்க் கண்ணாடிபோல இறுகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மணிகள். இறுகும்போது இலையின் சத்தில் ஒரு துளி உள்ளே மாட்டிக்கொள்கிறது. அந்தத் துளியில் கார்பன் இருக்கிறது. இலை விழுந்து மக்கினால் மற்றதெல்லாம் திரும்பக் காற்றுக்கே போய்விடும். மணிக்குள் மாட்டியது மட்டும் போகாது. நூற்றாண்டுகள், சில சமயம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் மண்ணிலேயே கிடக்கும் என்கிறார்கள்.

கொஞ்சம்தான், நிறைய இல்லை. மூங்கில் தண்டில் இருப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் தண்டில் இருப்பது, தண்டு இருக்கிறவரைதான். வெட்டித் தூணாக நட்டால் வீடு நிற்கிறவரை நிற்கும். மட்கினாலோ எரிந்தாலோ முடிந்தது. நெட்டையருக்கு இதை அளந்து நிரூபிக்க வேண்டும். பணம் கொடுக்கும் அறக்கட்டளைக்குப் பெரிய எண்ணாக வேண்டும். அவர் பெரிய எண் தர மாட்டேன் என்கிறார். இருக்கிறதைத்தான் தருவாராம். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

முதல் வாரத்தில் ஒன்று நடந்தது. அவர் ஒரு இலைத் துணுக்கை நுண்ணோக்கியில் காட்டி, "உங்களுக்கு என்ன தோணுதும்மா?" என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். தெரியாமல் இல்லை. வேறு யாரோ பதில் சொல்லப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அதை நினைத்து அன்று முழுவதும் முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தேன். சமையல்காரம்மா, "எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

நீ மாதம் கேட்டாய். சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் போன வாரம் கிழக்குப் பக்கத்துப் புதர் ஒன்று பூத்துவிட்டது. இந்த வகை மூங்கில் ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் பூக்கும். ஒன்று பூத்தால் தோப்பே பூக்கும். பூத்து விதை உதிர்த்ததும் அத்தனையும் பட்டுப்போகும். நெட்டையர் சாப்பாட்டை விட்டுவிட்டு அங்கேயே நிற்கிறார். இதைப் பார்க்காமல் எப்படி வருவது?

அன்புடன்,
அம்மா

❖

ஏப்ரல் 3

அம்மாவுக்கு,

பூத்த செய்தியைச் சாப்பாட்டு மேசையில் வாசித்தேன். அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து, "பட்டுப்போற பகுதியைத் திரும்பப் படி" என்றார். படித்தேன். ஒரு காகிதம் கேட்டார். வாண்டின் ஓவியத் தாள்தான் கிடைத்தது. அவள் வரைந்த யானைக்குப் பின்பக்கம் ஒரு படம் வரைந்து கொடுத்திருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதுகிறேன்: "காய்ஞ்ச மூங்கில் பெட்ரோல் மாதிரி. தோப்பை ரெண்டா பிரிச்சு நடுவில ஒரு கோடு வெட்டணும். ரெண்டு ஜீப் பக்கத்துல பக்கத்துல போற அகலம். வெட்டினதை அங்கேயே போடக்கூடாது, சருகைக் கூட்டி மண்ணு தெரியணும். விதை உதிர்றதுக்கு முன்னாடி முடிக்கணும்." பிறகு நிலையத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? உன்னிடம் கேட்டுச் சொல்ல வேண்டுமாம்.

இதைத் தவிர அவர் உன்னைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. நீயும் மாத்திரையைத் தவிர அவரைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்பெட்டி மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். உங்களுக்குள் ஏதாவது சண்டையா? சண்டை என்றால் சொல், யார் பக்கம் என்று முடிவு செய்துகொள்கிறேன். சண்டை இல்லை என்றால் ஏன் வர மாட்டேன் என்கிறாய்?

எனக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மாலை வகுப்பு. நீ இருந்தால் சேர்வேன். இல்லையென்றால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார் இவர். அடுத்த வருடமும் இதையேதான் சொல்வார்.

குருவி

❖

ஏப்ரல் 28

அன்புக் குருவிக்கு,

மேற்படிப்புச் செய்தி படித்ததும் சமையல்காரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. சேர்ந்துவிடு. வாண்டை மாலையில் யார் பார்ப்பது என்பதை மாப்பிள்ளையும் சேர்ந்து யோசிக்கட்டும்.

அப்பாவின் படம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். இத்தனை தூரம் வந்த பிறகும் எனக்கு எங்கே என்ன வெட்ட வேண்டும் என்று சொல்லித் தருகிறாரே என்று காது சுட்டது. மறுநாளும் காட்டவில்லை. அதற்கு அடுத்த நாள் தோப்புக்குள் போனேன். கால் வைத்த இடமெல்லாம் சருகு நொறுங்கியது. பூத்த கழிகள் வைக்கோல் நிறத்தில் நிற்கின்றன. திரும்பி வந்து படத்தை எடுத்து நெட்டையரிடம் கொடுத்தேன்.

அவர் யானையைத்தான் முதலில் பார்த்தார். பிறகு பின்பக்கம் பார்த்துவிட்டு, படத்தோடு தோப்புப் பக்கம் போனார். ஆட்களைக் கூப்பிட்டு வெட்ட ஆரம்பித்தாயிற்று. வெட்டிய கழிகள் லாரியில் போகின்றன. டவுன் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் கட்டுகிறார்களாம், கூரைக்கு. அங்கே போனதில் உள்ள கார்பன் அந்தக் கூரை இருக்கும்வரை பத்திரம் என்று நெட்டையர் குறித்துக்கொண்டார்.

தண்ணீர் தொட்டி நிலையத்துக்குத் தெற்கே. காற்று மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து. அப்பாவிடம் சொல்.

இங்கே எலித் தொல்லை தொடங்கிவிட்டது. மூங்கில் விதைக்கு எங்கிருந்துதான் வருகின்றனவோ. நான் சேகரித்து வைத்த இலை, மண் மாதிரிகளின் பைகளில் ஒட்டிய சீட்டையெல்லாம் தின்றுவிட்டன. எது எந்தக் குழி மண் என்று தெரியாமல் இரண்டு நாள் திண்டாடினோம்.

அம்மா

❖

மே 9

அம்மாவுக்கு,

எலி வரை எழுதினாய். நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை.

மேற்படிப்பில் சேரவில்லை. கடைசி நாள் முடிந்துவிட்டது. யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை.

அப்பா காற்று வரும் திசையைக் கேட்டுவிட்டு, கோட்டை இன்னும் கொஞ்சம் மேற்கே தள்ளச் சொன்னார். வெட்டியாகிவிட்டிருந்தால் அகலமாவது கூட்டச் சொன்னார். சொல்லிவிட்டேன். என் வேலை முடிந்தது.

குருவி

❖

ஜூன் 14

என் குருவிக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தோப்பு எரிந்துவிட்டது. பாதித் தோப்பு. பக்கத்து வயலில் அறுவடைத் தாளுக்கு வைத்த தீ, மதியக் காற்றில் கிழக்கு ஓரத்தைப் பிடித்தது. நான் நுண்ணோக்கியில் இருந்தேன். மூங்கில் எரியும் சத்தத்தை நீ கேட்டிருக்க மாட்டாய். கணுவுக்குக் கணு வெடிக்கும். யாரோ சுடுகிறார்கள் என்று சமையல்காரம்மா மேசைக்கு அடியில் போய்விட்டாள். நெட்டையர் வாளியோடு ஓடினார். நானும் ஓடினேன். பக்கத்தில் போக முடியவில்லை. முகம் பொசுங்குகிற சூடு. தீ எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது. வந்தது, கோட்டருகில் நின்றது. பறந்து வந்த பொறிகளை ஈரச் சாக்கால் அடித்து அணைத்தோம். அதற்கு மேல் அது வரவில்லை.

மேற்கே தள்ள முடியவில்லை, ஆனால் அப்பா சொன்னபடி அகலத்தைக் கூட்டியிருந்தோம். கூட்டாமல் இருந்திருந்தால் தாண்டியிருக்கும். நிலையமும் போயிருக்கும். நெட்டையர் அங்கேயே உட்கார்ந்து, "யாரும்மா அந்தப் படம் வரைஞ்சது?" என்று கேட்டார். முன்பு கேட்கத் தோன்றவில்லையாம். என் கணவர் என்று சொன்னேன். இங்கே வந்த பிறகு அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாம்பல் ஆறியதும் அள்ளிக்கொண்டு வந்து பார்த்தோம். மணிகள் அப்படியே இருக்கின்றன. கொஞ்சம் உருகியவை உண்டு, ஆனால் பெரும்பாலானவை முழுசாக. நெட்டையர் துள்ளியதில் நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டார்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். இந்த மாதத்தோடு திட்டம் முடிகிறது. தோப்பு பட்டுப்போனது, பாதி எரிந்தும் போனது, அறிக்கை எழுதியாயிற்று. இலை உதிரட்டும் என்றேன், பூவைப் பார்க்கட்டும் என்றேன். இனி சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தபோது மழை பெய்து, உதிர்ந்த விதை முளைத்துவிட்டது. புல் மாதிரி, தரையெல்லாம். புதுத் தோப்பு வளர்வதைக் கவனிக்க ஆள் வேண்டும், இருக்கிறீர்களா என்று நெட்டையர் கேட்டார். இருக்கிறேன் என்றேன். அதையே உனக்குக் காரணமாக எழுதலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் காரணம் அது இல்லை, குருவி.

அப்பாவோடு எனக்குச் சண்டை இல்லை. ஒருநாளும் கை ஓங்கியதில்லை, கடுஞ்சொல் சொன்னதில்லை. அவர் சொன்னது எல்லாம் சரியாகவே இருந்தது. எந்த வீட்டில் குடியிருப்பது, எந்த ஜன்னலை அடைப்பது, நான் எந்தப் பக்கம் படுப்பது என்பதுவரை. வயிற்றுவலிக்கு டாக்டரிடம் போனோமே, உனக்கு நினைவிருக்கும். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் என்னைக் கேட்டார். அப்பா சொன்னார். இடத்தையும் சரியாகவே சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார். கல்லூரியில் எனக்குப் பிரிவுபசார விழா நடந்த அன்று, இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதல்வர் என்னிடம் கேட்டார். "இனிமே வீட்டோட இருப்பா" என்று அப்பா சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மறுநாள் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன்.

தீ அணைந்த அன்றும் அவர் சொன்னதுதான் சரி. நன்றியாக இருக்கிறது, மனசாரச் சொல்கிறேன். ஆனால் சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கிற ஒருவர் பக்கத்தில் எனக்கு வாய் இருப்பது மறந்துபோகிறது. அந்த வீட்டுக்கு நான் திரும்பி வரவில்லை. உன் வீட்டுக்கு வருவேன், எப்போது கூப்பிட்டாலும். அவருக்கு உடம்புக்கு ஏதாவது என்றாலும் வந்து நிற்பேன். ஆனால் அங்கே குடியிருக்க வர மாட்டேன்.

உன் மேற்படிப்பு என்னால் போயிற்று. அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. அடுத்த வருடம் நீ மாலை வகுப்பில் சேர்ந்தால் வாண்டை இங்கே அனுப்பு என்று சொல்ல ஆசை. சொல்லிவிட்டேன்.

இதை அப்பாவிடம் காட்டுவதும் காட்டாமல் இருப்பதும் உன் இஷ்டம். அவருக்கு நானே எழுதியிருக்க வேண்டும். நான்கு முறை உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே, அவர் என்ன பதில் சொல்வார் என்பதையும் நானே எழுதிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா

❖

ஜூலை 20

அம்மாவுக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றினேன். கிளினிக் மேசை இழுப்பறையில் வைத்தேன். கைப்பையில் வைத்தேன். இவர் கண்ணில் படாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கூட வைத்தேன். கோபத்தில் உனக்கு எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டேன். அதில் ஒன்று நன்றாகவே வந்திருந்தது. கிழித்திருக்க வேண்டாம்.

பிறகு அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தார். தீயைப் பற்றிய இடத்தை இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன், விரல் அங்கேயே நின்றது. பிறகு மிச்சத்தைப் படித்தார். முடித்ததும் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பொறியைச் சாக்கால அடிச்சது சரிதான்" என்றார். அவ்வளவுதான். சாப்பிடாமல் கிளம்பிப் போனார்.

அடுத்த நாள் ஏழு மணிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும். நான் போய்ப் பார்த்தேன். ஜன்னலையெல்லாம் திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். வீடு முழுக்கக் கொசு. நான் ஒவ்வொன்றாக அடைக்கப் போனேன். "விடு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அவ டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா எங்கேன்னு சொல்லியிருப்பா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. வயிற்றுவலியைச் சொல்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. இடத்தைச் சரியாகத்தானே சொன்னீர்கள், அம்மாவே எழுதியிருக்கிறாளே என்றேன். "ஆமா, சரியாத்தான் சொன்னேன்" என்றார்.

என் கோபம் இன்னும் போகவில்லை, அம்மா. அப்பா தனியாக இருப்பதைப் பார்த்தால் உன் மேல் வருகிறது. இவர் என்னிடம் கேட்காமல் வாண்டுக்குப் பள்ளியை மாற்றிவிட்டு, அப்பா மாதிரியே அதைச் சரி என்று பேசும்போது அப்பா மேல் வருகிறது. எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தித் திட்ட வேண்டும்போல இருக்கிறது. ஆனால் இவரிடம் ஒன்று சொல்லிவிட்டேன்: அடுத்த வருடம் சேர்கிறேன், கேட்கவில்லை, சொல்கிறேன் என்று. தலையாட்டினார். இந்த முறை கழுத்து சுளுக்கவில்லை.

பள்ளி விடுமுறைக்கு வாண்டும் நானும் வருகிறோம். அவளுக்கு அந்த மணிகளைப் பார்க்க வேண்டுமாம். கண்ணாடி மணி என்றதும் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறாள். நீயே சொல்லிப் புரியவை. அப்பாவைக் கூப்பிட்டேன். "நான் வரலை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நேற்று அப்பா தபால் நிலையத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. உன் பெயருக்கு வருகிற தபால்களை இனி ஆய்வு நிலையத்துக்கே அனுப்பச் சொல்லிப் படிவம் எழுதிக் கொடுத்தார். முகவரியைப் பார்த்து எழுதவில்லை, மனப்பாடமாக எழுதினார். கவுண்டரில் இருந்த பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது தற்காலிகமா, நிரந்தரமாங்க?" என்று கேட்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா. அவளைத்தான் கேக்கணும்" என்றார்.

அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பாமல் படிவத்தைத் திரும்ப வாங்கி வந்திருக்கிறோம். இதோடு வைத்திருக்கிறேன். நீ நிரப்பி அனுப்பு.

குருவி